சகுனம் சொன்ன பல்லி

"கீச்ச்ச்!"

பெண் பார்க்க வந்தவர்கள் கடித்த பஜ்ஜியை மெல்லாமல் அப்படியே நிமிர்ந்தார்கள். பெண் கலைமதி காப்பித் தட்டோடு அப்படியே நின்றாள்.

"பல்லி சொல்லுதுங்க! நல்ல சகுனம்!" மாப்பிள்ளையின் அம்மா சுகுணா சட்டென்று விரலால் மூன்று தரம் தரையைத் தட்டினார்.

பல்லியாவது, ஒண்ணாவது! மகளின் காதுக்குப் பின்னால் கனகாம்பரத்துக்குள் ஒளித்து வைத்த காது மிஷின்தான் கத்துகிறது என்று அம்மா சின்னம்மாள் முடிவு கட்டினாள். காது மந்தம் என்று தெரிந்தால் எவன் கட்டுவான்? மகளுக்கு மட்டும் காதை மூடிப் பூ வைத்தால் சந்தேகம் வருமே என்று, வந்த சம்பந்தியம்மா தலையிலும் அதே மாதிரி ரெண்டு முழம் சுற்றிவிட்டிருந்தாள். அவ்வளவு முன்யோசனை!

மகளை அடுப்படிக்கு இழுத்துப் போனாள்.

"ஏன்டி அது கத்துது?"

"என் காதுல ஒண்ணும் கத்தலயேம்மா. பூ அழுத்தினா விசில் வரும்னு டாக்டரம்மா சொன்னாங்க. கொஞ்சம் எடுத்துரலாமா?"

"எடுத்தா வெளிய தெரியுமே!" சின்னம்மாள் இன்னொரு முழத்தைச் செருகினாள்.

கலைமதி திரும்பி வந்து இன்னும் உட்காரக்கூட இல்லை, அதற்குள்...

"கீச்ச்ச்! கீச்ச்ச்!"

"ரெண்டு தரம் சொல்லிடுச்சு! ரொம்ப விசேஷம்!" என்றார் சுகுணா, அவசர அவசரமாக.

அப்பா தர்மன் சும்மா இருப்பாரா? நிஜமாகவே பல்லி இருக்கிற மாதிரி காட்ட, விளக்குமாறோடு நாற்காலி மேல் ஏறி விட்டத்தைக் குத்தினார். ஒட்டடை முழுசும் மாப்பிள்ளையின் அப்பா மாதவராஜின் காப்பியில் விழுந்தது. பாவம், வந்ததிலிருந்து வாயே திறக்காத மனுஷன், அப்போதும் திறக்கவில்லை.

மறுபடி அடுப்படி.

"கழட்டிக் குடு, ஜாக்கெட்டுக்குள்ள வச்சுக்கறேன்."

"வேர்வை பட்டா கெட்டுரும்மா!"

"அப்ப அடுப்புத் திண்டு மேல வை."

"சூடும் ஆகாது!"

கலைமதி மிஷினைத் துணியால் துடைத்து, பேட்டரி மூடியைத் திறந்து அணைத்து, ஈரம் உறிஞ்சும் பொட்டலம் போட்ட டப்பாவில் வைத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். பேச்செல்லாம் வெறும் முணுமுணுப்பாகிப் போனது.

கூடத்தில் சுகுணா என்னவோ கேட்டார். கலைமதி சிரித்துத் தலையாட்டினாள். மாப்பிள்ளை பிரபாகர் முகம் ஏனோ சுருங்கியது.

அப்பா காதோரம் குனிந்தார். "மொரப்பூர் தபால் ஆபீஸ் வேலைய வுட்டுர்றியான்னு கேட்டாங்க கண்ணு. நீ சரின்னுட்ட!"

அந்த வேலைக்காகத்தானே மிஷினே வாங்கினாள்! அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. டப்பாவைத் திறந்து பஜ்ஜித் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"எனக்குக் காது மந்தங்க. நீங்க கேட்டது கேக்காமதான் தலையாட்டினேன். வேலைய வுட மாட்டேன். கத்தினது பல்லி இல்லீங்க, இந்த மிஷினாத்தான் இருக்கும். புடிச்சிருந்தா கட்டுங்க, இல்லாட்டி காப்பியக் குடிச்சுட்டுக் கெளம்புங்க."

சின்னம்மாள் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"கீச்ச்ச்!"

எல்லோரும் டப்பாவைப் பார்த்தார்கள். பேட்டரி மூடி திறந்தபடி மிஷின் பேச்சுமூச்சில்லாமல் கிடந்தது.

மாதவராஜ் முதல்முறையாக வாயைத் திறந்தார். வீட்டில் வருஷக்கணக்காகக் கத்திப் பழகிய குரல். மிஷின் இல்லாமலே கலைமதிக்குக் கணீரென்று கேட்டது.

"போதும் சுகுணா, அந்தப் பூவை எடு! வந்ததுலருந்து உன் காது மிஷின் எதுக்கு இந்தக் கத்து கத்துதுன்னு நம்ம மருமவளையே கேளு!"