மச்சினனை விரட்ட ஒரு ஜப்பான் லாரி

அன்று முடிவு செய்துவிட்டேன். இந்த வீட்டில் ஒன்று நான் இருக்க வேண்டும், இல்லையென்றால் என் மச்சினன் அலி அக்பர் இருக்க வேண்டும். இதை என் மனைவி சபீஹாவிடம் சொன்னால் யார் இருப்பது என்பதை அவள் உடனே தீர்த்துவிடுவாள். அது நிச்சயம் நானாக இருக்காது.

ராயபுரத்தில் கயிற்றுக்கடை காஜா மொய்தீன் என்றால் ஹார்பரில் தெரியாதவர் கிடையாது. கப்பல் கயிறு, தார்ப்பாய், படகுச் சாமான் எல்லாம் என் கடையில்தான். கடையில் நான் ஓர் அதட்டல் போட்டால் தராசுத் தட்டு ஆடும். வீட்டில் சபீஹா ஒரு தடவை செருமினால் நான் ஆடுவேன்.

அலி அக்பர் ரங்கூனில் இருந்தவன். ஜப்பான்காரன் அந்த ஊரைப் பிடித்தபோது தப்பி வர முடியாமல் மாட்டிக்கொண்டான். சண்டை முடிந்த பிறகு கப்பலேறி வந்து, "ஒரு வாரம் இருந்துட்டுப் போறேன் மச்சான்" என்றான். அந்த வாரம் இன்னும் முடியவில்லை. என் சாய்வு நாற்காலியில் அவன். என் வெற்றிலைப் பெட்டியில் அவன் கை. காலம் காலமாக என் தட்டில் விழுந்த வஞ்சிரத்தின் தலை இப்போது அவன் தட்டில் கிடந்து என்னைப் பரிதாபமாகப் பார்த்தது.

"தம்பிக்கு ஒரு தொழில் வெச்சுக் குடுங்களேன்" என்று சபீஹா கேட்டுப் பார்த்தாள்.

"தம்பி வேணா இருக்கட்டும். தம்பிடி கெடயாது!" என்றேன்.

சொல்லிவிட்டு இரண்டு அடி பின்னால் நகர்ந்து நின்றேன். ஆச்சரியம், அவள் தலையை ஆட்டிவிட்டு அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள். கல்யாணமான நாளிலிருந்து நான் ஜெயித்த ஒரே வாதம் அதுதான். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

அடுத்த வாரம் சோறு போடும்போது அவளாகவே குரலைத் தாழ்த்தினாள்.

"இன்னாங்க, ஒண்ணு சொல்றேன். தம்பி காதுல போட்டுடாதீங்க."

"சொல்லு."

"அவனுக்கு ஜப்பான் லாரின்னா கொலை நடுக்கமாம். ரங்கூன்ல அந்தச் சத்தம் கேட்டாலே கட்டிலுக்கடியில பூந்துக்குவானாம். ஒத்தக்கண்ணு லாரியாம். அது மாத்திரம் இந்தப் பக்கம் வந்துச்சு, அன்னிக்கே பொட்டியத் தூக்கிகினு ஓடிடுவான்."

"அப்டியா? பாவம்."

"ஹார்பர்ல சண்டைச் சாமானெல்லாம் ஏலம் வுடுறாங்களாமே. அதுல அந்த மாதிரி லாரி எதுவும் இல்லியே? எனக்கு ஒரே பேஜாரா கீது."

"சீச்சீ, இல்லவே இல்ல. நீ நிம்மதியா இரு."

எனக்கு நோன்பு கடைசியில் பிறை கண்ட மாதிரி இருந்தது. அன்று நான் சாப்பிட்ட சோறு எனக்கே தெரியாது.

ஆனால் ஒரு சங்கடம். ஜப்பான் என்றால் எனக்கும் பயம். நாற்பத்திரண்டில் குண்டு விழப் போகிறது என்று பட்டணமே காலியானபோது, 'பொம்பளைங்களும் கொழந்தைங்களும் மொதல்ல' என்று யாரோ கத்தினார்கள். அது காதில் விழுவதற்குள் நான் ஆற்காட்டுக்குப் போகும் ரயிலில் ஏறி உட்கார்ந்திருந்தேன். இன்றைக்கும் ஹார்பர் சங்கு கொஞ்சம் நீட்டி ஊதினால் நான் கல்லாப்பெட்டிக்குப் பின்னால் குனிந்துவிடுவேன்.

இருந்தாலும் மீன் தலையை நினைத்துக்கொண்டு புறப்பட்டேன்.

ஏலத்தில் எடுத்த பட்டாளத்துச் சாமான்களை வாங்கி விற்கும் தரகன் ஸ்டானிஸ்லாஸ். அவன் கொட்டகையின் கடைசி மூலையில் அது நின்றது. பச்சை லாரி. மூக்குக்கு நேராக ஒரே ஒரு விளக்கு. அந்தக் கண் என்னைப் பார்த்தது. நான் வலது பக்கம் நகர்ந்தேன். அப்போதும் பார்த்தது. இடது பக்கம் போனேன். என்னையே பார்த்தது.

"யாரு செஞ்ச வண்டிப்பா இது?"

"பேரு வாய்ல நொழையாது பாய். ஜப்பான்ல பெரிய கம்பெனி. மொதல்ல அவங்க துணி நெய்யற தறிதான் செஞ்சிகினு இருந்தாங்களாம். நூலு அறுந்தா தானா நின்னுக்கற தறி. அந்த வித்தைய இங்கிலீஷ்காரனுக்கே வித்துட்டாங்க. அப்பால மகன்காரன் காரு செய்ய எறங்கினான். சண்டை வந்ததும் மிலிட்டரிக்கு லாரி."

"நூலு அறுந்தா தானா நிக்குமா! இதுவும் அப்படித்தானா?"

"இதுவா?" ஸ்டானிஸ்லாஸ் லாரியைப் பார்த்தான். பிறகு வானத்தைப் பார்த்தான். "இது நிக்கறது கர்த்தர் சித்தம் பாய்."

"ஏன் ஒரே கண்ணு?"

"சண்டைக் கடைசில இரும்புக்குப் பஞ்சம். ஒரு லைட்டு போதும்னுட்டாங்க. முன் சக்கரத்துக்குப் பிரேக்கும் கெடயாது. மேல் பாதி மரம். உள்ள ஒரு ஜப்பான் ஆபீசர் இன்னும் குந்திகினு கீறாருன்னு கூலிக்காரங்க சொல்றாங்க. அதுக்குத் தனியா காசு வாங்கல."

நான் லாரியிலிருந்து நாலடி தள்ளி நின்றுகொண்டேன். ஆனாலும் நான் வியாபாரி. வாங்குகிற சாமானை ஏற்கெனவே வாங்கினவனிடம் விசாரிக்காமல் காசை அவிழ்க்க மாட்டேன். இதே மாதிரி லாரியைத் திருவொற்றியூரில் வெள்ளத்துரை என்பவர் வைத்திருந்தார். உப்பு மூட்டை ஏற்றுகிறவர். போய்க் கேட்டேன்.

"தங்கமான வண்டி பாய்!" என்றார் வெள்ளத்துரை.

எனக்கு நெஞ்சு இடிந்துவிட்டது. "தங்கமா?"

"எம்மாம் பாரம் ஏத்தினாலும் மொனகாது. ஒடஞ்சா கொல்லன் பட்டறையிலயே தட்டி மாட்டிக்கலாம். நம்பி வாங்கு."

"கொறையே இல்லியா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. பயங்கரமா ஏதாச்சும்?"

அவர் அக்கம் பக்கம் பார்த்தார். "எறக்கத்துல மட்டும் வுட்றாத. அங்க நான் ஓட்டறதில்ல, முருகன்தான் ஓட்டறாரு. என் பொஞ்சாதி அந்த லாரி வர்றத பார்த்தா எதிர்சாரிக்குப் போயிடுவா. எண்ணூர் ரோட்ல மாடுங்க தானா ஒதுங்குது. மத்த லாரிக்காரன் எல்லாம் எனக்கு சலாம் போட்டு வழி வுடறான், மரியாதைல இல்ல, பயத்துல."

"ரொம்ப சந்தோஷம்!" என்று அவர் கையைப் பிடித்துக் குலுக்கினேன். இப்படி ஒரு குறையைக் கேட்டு இவ்வளவு மகிழ்ந்தவனை அவர் வாழ்நாளில் பார்த்திருக்க மாட்டார். அன்றைக்கே கடையின் மூலதனத்தில் பெரும்பகுதியை ஸ்டானிஸ்லாஸிடம் கொட்டினேன்.

திட்டம் எளிது. அலி அக்பர் சாயங்கால அஸர் தொழுதுவிட்டு, ரயில் தண்டவாளத்துக்கு மேல் ஏறி இறங்கும் எங்கள் பாலத்து வழியாகத்தான் வீட்டுக்கு வருவான். பாலத்தின் மேல் லாரியை நிறுத்தி வைப்பது. அவன் அடிவாரத்துக்கு வந்ததும் ஹாரனை அடிப்பது. ஒற்றைக் கண்ணைப் பார்ப்பான். அலறுவான். பெட்டியைத் தூக்குவான். நான் சாய்வு நாற்காலியில் சாய்வேன்.

ஸ்டானிஸ்லாஸ் லாரியைக் கொண்டுவந்து நிறுத்தினான். "நெம்புகோல் எதையும் தொடாத பாய். நான் ஒரு டீ குடிச்சிட்டு வந்துடறேன்" என்று போய்விட்டான்.

நான் மட்டும் உள்ளே. மர சீட்டு லேசாக முனகியது. ஆபீசர் நகர்ந்து எனக்கு இடம் விடுகிறாரோ என்று தோன்றியது. "மன்னிச்சுக்குங்க ஐயா, ஒரு நிமிஷ வேலைதான்" என்று பக்கத்துக் காலி இடத்தைப் பார்த்துச் சொன்னேன். பதில் வரவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது.

தூரத்தில் அலி அக்பரின் வெள்ளைத் தொப்பி தெரிந்தது. ஹாரனைத் தேடினேன். எங்கே இருக்கிறது என்று கேட்டு வைக்க மறந்துவிட்டேன். ஒரு குமிழை அழுத்தினேன். ஒன்றுமில்லை. ஒன்றை இழுத்தேன். கையோடு வந்துவிட்டது. கடைசியாகக் கால் பக்கத்தில் நீட்டிக்கொண்டிருந்த ஒரு கோலைப் பலம் கொண்ட மட்டும் தள்ளினேன்.

ஹாரன் அடிக்கவில்லை. பாலம் பின்னால் போயிற்று.

பாலம் ஏன் போகிறது என்று ஒரு கணம் விளங்கவில்லை. விளங்கியதும் கத்தினேன். கடைத்தெரு முழுக்கக் கேட்கும் என் குரல் அன்றைக்குக் கீச்சென்று வந்தது. கீழே மீன்கூடைக்காரிகள் நிமிர்ந்து பார்த்தார்கள். ஒற்றைக் கண்ணோடு பச்சை லாரி இறங்கி வருகிறது. ஓட்டுகிறவன் தலை தெரியவில்லை, ஏனென்றால் நான் சீட்டுக்கு அடியில் இருந்தேன்.

"அய்யய்யோ, ஜப்பான்காரன் வந்துட்டான்டி!" என்று ஒருத்தி அலறினாள். அவ்வளவுதான். கூடைகள் பறந்தன. ஒருவர் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடினார். ஒருவர் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடினார். கடைக்காரர்கள் பலகையை இழுத்துச் சாத்தினார்கள். நாற்பத்திரண்டின் பயம் யாரையும் விட்டுப் போகவில்லை என்று அன்று கண்டேன். எனக்கோ நிஜமாகவே உயிர் போய்க்கொண்டிருந்தது. கண்ணை மூடிக் கலிமா சொன்னேன். பாதியில் மறந்துவிட்டது. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். யா அல்லா, மீன் தலை அவனுக்கே இருக்கட்டும், எனக்கு என் தலை போதும் என்று அழுதேன்.

அப்போது லாரி குலுங்கியது. யாரோ ஓடும் வண்டியின் படியில் தாவி ஏறினார்கள்.

"தள்ளிக்க மச்சான்!"

அலி அக்பர்! ஒரு கை ஸ்டியரிங்கை ஒடித்துத் திருப்பியது. ஒரு கை எதையோ பிடித்து இழுத்தது. ஒரு கால் எதையோ மிதித்தது. கறமுறவென்று பல்லைக் கடித்துக்கொண்டு லாரி பாலத்து ஓரத்து மணல் மேட்டில் மூக்கைச் செருகி நின்றது. எல்லாம் நின்ற பிறகும் நான் மட்டும் கத்திக்கொண்டிருந்தேன்.

"போதும் மச்சான், நின்னுடுச்சு" என்றான்.

"ஒனக்கு... ஒனக்குப் பயமா இல்லியாடா?"

"இன்னாத்துக்குப் பயம்? ரங்கூன்ல சண்டை முடியற மட்டும் இதே மாதிரி வண்டியத்தான ஜப்பான்காரனுங்க என்னை ஓட்டச் சொல்லி அடிச்சானுங்க. அவனுங்கள நெனச்சா இன்னிக்கும் ஒடம்பு ஒதறும். ஆனா வண்டி இன்னா பாவம் பண்ணுச்சு? குண்டு விழறப்ப என்னை ரங்கூன் ஆத்த தாண்டிக் கொண்டாந்து சேத்தது இது மாதிரி ஒண்ணுதான்."

அவன் அந்த ஸ்டியரிங்கைத் தடவிக் கொடுத்தான். கண் கலங்கியிருந்தது. எனக்கு ஒரு கணம் அவன் மேல் பாசம் பொங்கிவிட்டது. உயிரைக் காப்பாற்றினவன் அல்லவா. என் கை தானாக நீண்டு அவன் தோளைப் பிடித்துக்கொண்டது. சீட்டுக்கு அடியிலிருந்து எழுந்திருக்க ஒரு பிடிமானமும் வேண்டியிருந்தது.

அதற்குள் ஓடினவர்கள் எல்லாம் திரும்பி வந்து கூடிவிட்டார்கள். கூட்டம் விலகியது. சபீஹா வந்தாள். நான் மறுபடி சீட்டுக்கு அடியில் போகப் பார்த்தேன். அவள் கையில் துடைப்பம் இல்லை. சாம்பிராணித் தட்டு இருந்தது. மல்லிகைச் சரம் இருந்தது. ஒரு கிண்ணத்தில் சர்க்கரை. பின்னால் புது வண்டிக்குப் பாத்திஹா ஓத பள்ளிவாசல் அஜ்ரத். அவர் பின்னால் டீ டம்ளரோடு ஸ்டானிஸ்லாஸ்.

"அக்கா, நீங்க சொன்ன மாதிரியே ரேடியேட்டர மாத்திட்டேன்" என்றான் அவன், என் முகத்தைப் பார்க்காமல்.

அஜ்ரத் ஓதினார். மல்லிகைச் சரம் அந்த ஒற்றைக் கண்ணுக்கு மேல் ஏறியது. என் வாயில் சர்க்கரை திணிக்கப்பட்டது. முழுங்கிவிட்டுத்தான் பேச முடிந்தது.

"சபீஹா! அவனுக்குக் கொலை நடுக்கம்னு சொன்னியே?"

"தம்பிக்கு ஒரு லாரி வாங்கிக் குடுங்கன்னு கேட்டா நீங்க குடுத்திருப்பீங்களா?"

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"மூஞ்சிய ஏன் தூக்கி வெச்சிக்கிறீங்க? அவன் வூட்டை வுட்டுப் போவணும், அதான உங்களுக்கு வேணும்? போறான். வியாசர்பாடில வூடு பார்த்தாச்சு. லாரியோட நாளைக்கே போறான்."

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. குரலை உயர்த்தினேன். "அது என் லாரி! என் காசு! நான் வாங்கினது!"

"யாரு இல்லேன்னா?" என்றாள் சபீஹா, மீதிச் சர்க்கரையை மீன்கூடைக்காரிகளுக்குக் கொடுத்துக்கொண்டே. "உங்க லாரிதான். அதனாலதான் பெட்ரோலு உங்க செலவுன்னு தம்பிகிட்ட அப்பவே சொல்லிட்டேன்."