பக்கத்து வீட்டு டோக்கியோ

மூடிய தட்டோடு ஐவி பின்வாசல் வழியாக நழுவுவதை மெர்வ் பக்லி பார்த்துவிட்டான். தட்டில் என்ன என்று கேட்கவே வேண்டாம். பூசணி போட்டுச் சுட்ட ஸ்கோன் ரொட்டி வாசனை வீடெல்லாம் மணத்தது. அவனுக்கென்று அவள் மிச்சம் வைத்தது அந்த வாசனையை மட்டும்தான்.

"எங்கே கிளம்பிட்டே?"

"பெர்சி வீட்டுக்கு."

"நேத்துதானே போனே?"

"இன்னிக்கும் போறேன்."

கதவு சாத்தப்பட்டது. சண்டை நேரம்; கரும்பு விளையும் ஊரிலேயே சர்க்கரைக்கு ரேஷன். அந்த ரேஷன் சர்க்கரை வேலி தாண்டிப் பக்கத்து வீட்டுக்குப் போவதை நினைக்க நினைக்க மெர்வுக்கு வயிறு எரிந்தது.

பெர்சி ட்ராஸ்க்குக்கு அறுபது வயதிருக்கும். மனைவியை இழந்தவர். ஒரு காலத்தில் ஊர் ஊராகப் போய்ப் பியானோ விற்றவர். வெள்ளி முடியை எண்ணெய் தடவிப் படிய வாரியிருப்பார். பெண்கள் பேசினால் தலையைச் சாய்த்துக் கேட்பார். அதுகூடப் பரவாயில்லை. அவரிடம் அலமாரி உயரத்துக்கு ஒரு ரேடியோ இருந்தது. மாமர உச்சியிலிருந்து கம்பி இழுத்திருந்தார். அதில் எதிரியின் டோக்கியோ ரேடியோவே கேட்கும் என்று டல்காரா ஊரில் பேச்சு.

வடகோடித் துறைமுகமான டார்வினில் ஜப்பான்காரன் குண்டு போட்டதைச் செய்தித்தாள் மூடி மறைத்த நாளிலிருந்து ஊரில் யாரும் அதை நம்புவதில்லை. மதுக்கடை நடத்தும் நோரா ஷீடி அதைப் படிக்கும் முறையே தனி.

"ஒரு தென்னை மரம் சேதம்னு போட்டிருக்கான் பாரு. மரம்னா தெருவுன்னு அர்த்தம். 'சேதம் சொற்பம்'னா ஊரே போச்சு. 'சேதமே இல்லை'ன்னா, அந்தப் பேர்ல ஒரு ஊர் இருந்ததையே மறந்துடு."

ஆகவே, மாலை ஆறு மணியானால் பாதி ஊர் பெர்சியின் வாசல் கேட்டில் நிற்கும். அவர் உள்ளே போய்க் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, வராந்தாவுக்கு வந்து அறிவிப்பார்.

"நாளைக்கு வடக்கே ரெண்டு ரயில் போகுது. ஒண்ணுல மருந்து. இன்னொண்ணுல அமெரிக்காக்காரன் மாவு. டோக்கியோவுக்கே தெரிஞ்சுபோச்சு!"

மறுநாள் ரெண்டு ரயில் போகும், மருந்தும் மாவும்தான். மெர்வுக்கு அது தெரியும். ரயில்வே சரக்கு யார்டில் அவன்தான் ஃபோர்மன். எந்தப் பெட்டியில் என்ன ஏறுகிறது என்று வெளியே மூச்சு விடுவதில்லை என ராணுவத்துக்குச் சத்தியம் செய்து கொடுத்தவன். கட்டின மனைவியிடம்கூட வாய் திறந்ததில்லை என்பதில் அவனுக்குக் கொள்ளைப் பெருமை. அந்தச் செய்தியைத்தான் எவனோ டோக்கியோவிலிருந்து சொல்ல, பெர்சி வராந்தாவில் நின்று சொல்ல, ஸ்கோனும் அவருக்கே போய்க்கொண்டிருந்தது.

ஜப்பான்காரனுக்கு எப்படித் தெரிந்தது என்பதுதான் நாட்டுப்பற்றுள்ளவனுக்கு முதலில் வரவேண்டிய கவலை. மெர்வுக்கு அது இரண்டாவதாகத்தான் வந்தது.

மூன்று வாரமாகவே ஐவி சரியில்லை. காலையில் கண் சிவந்திருக்கும். ஓட்ஸ் கஞ்சிக் கிண்ணத்தை அவன் முன்னால் வைக்கும் சத்தத்தில் பூனை எழுந்து வெளியே போகும். சில சமயம் அவனையே வெறித்துப் பார்ப்பாள். யாரையோ நினைத்துக்கொண்டு தன்னைப் பார்க்கிறாள் என்று மெர்வ் முடிவு கட்டியிருந்தான். அந்த யாரோவுக்கு வெள்ளி முடி.

"உனக்கு என்ன தெரியணுமோ என்கிட்டக் கேளேன்," என்றான் ஒருநாள்.

"உன்கிட்டயா? கேட்டா சொல்லிடுவியா?"

"சொல்லலாம்னா சொல்வேன். சிலதெல்லாம் ரகசியம்."

"ரகசியமா! அதான் தெரியுமே!" என்றாள். அவள் நறுக்கிக்கொண்டிருந்த கேரட் இரண்டு துண்டாகித் தரையில் உருண்டது.

அன்று மாலையே மெர்வ் ஒரு முடிவுக்கு வந்தான். செய்திதானே வேண்டும்? வீட்டிலேயே கொடுத்துவிட்டால் பக்கத்து வீட்டில் அவளுக்கு என்ன வேலை? உண்மையைச் சொல்லக் கூடாது; சத்தியம் இருக்கிறது. பொய்க்கு யாரும் சத்தியம் வாங்கவில்லையே.

ஆட்டுக்கறியை வெட்டிக்கொண்டே குரலைத் தாழ்த்தினான். "ஐவி, யார்கிட்டயும் சொல்லாதே. வடக்கு முனையில மூணு படகு கரை இறங்கியிருக்கு. ஜப்பான்காரன். கலங்கரை விளக்குக்காரனோட ஆட்டையெல்லாம் பிடிச்சுத் தின்னுட்டானாம்."

ஐவி முள்கரண்டியைக் கீழே வைத்தாள். அவன் முகத்தையே உற்றுப் பார்த்தாள். "ஓஹோ," என்று எழுந்தாள். சால்வையை எடுத்துக்கொண்டு நேராகப் பெர்சி வீட்டுக்குப் போய்விட்டாள்.

மறுநாள் மதியம் மெர்வ் மதுக்கடைக்குள் நுழைந்தபோது நோரா கண்ணாடிக் கோப்பைகளை வைக்கோலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"கேட்டியா? முப்பது படகாம்! ஆடு ஒண்ணு விடலையாம். பெர்சி ரேடியோவில டோக்கியோக்காரனே சொல்லிட்டான்."

அந்த ஆடு மெர்வ் பெற்ற பிள்ளை. சாப்பாட்டு மேஜையில் பிறந்தது. அதை எப்படி டோக்கியோவில் சொல்வான்? ஒன்று, உலகத்தில் ஏதோ பெரிய குளறுபடி நடந்திருக்கவேண்டும். இல்லையென்றால் தான் வாய்க்கு வந்ததைச் சொல்ல, அது நிஜமாகவே நடந்திருக்கவேண்டும். யோசித்துப் பார்த்தான். வடக்கு முனையில் படகு இறங்க நல்ல மணல்தான். ஆடும் உண்டு.

அன்றே வீட்டுப் பின்பக்கம் பதுங்குகுழி தோண்ட ஆரம்பித்துவிட்டான். குழி போன வழியில் ஐவியின் ரோஜாச் செடிகள் இருந்தன.

ஐவி இடுப்பில் கைவைத்துக்கொண்டு குழியை அளந்தாள். "யாருக்கு இது?"

"நமக்குத்தான்."

"ரெண்டு பேருக்கு மேலேயே இடம் இருக்கே! வேற யாரை உட்கார வைக்கப் போறே?"

என்ன கேள்வி இது என்று மெர்வ் நிமிர்வதற்குள் வேலிக்கு மேலே வெள்ளி முடி தெரிந்தது.

"இன்னும் கொஞ்சம் ஆழம் வேணும்ப்பா மெர்வ்," என்றார் பெர்சி. "ஐவி நல்ல உயரம் பாரு."

மெர்வ் மண்வெட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். என் மனைவியின் உயரத்தை இவர் எதற்கு அளக்கவேண்டும்?

மறுநாள் செய்தித்தாளில் பெரிய எழுத்தில் வந்திருந்தது: 'எதிரிகள் எங்கும் கரை இறங்கவில்லை. வதந்திகளை நம்பவேண்டாம்.'

அவ்வளவுதான். ஜப்பான்காரன் இறங்கிவிட்டான் என்று ஊருக்கு உறுதியாகிவிட்டது. ரொட்டிக் கடைக்காரர் அடுப்பை அணைத்துவிட்டுக் குடும்பத்தோடு தெற்கே கிளம்பினார். வங்கி மேலாளரின் மனைவி சாப்பாட்டு மேஜையைக் கார் கூரையில் கட்டிக்கொண்டு போனாள், மேலாளரை மறந்துவிட்டாள். ரயில் நிலையத்தில் மூட்டை முடிச்சோடு கூட்டம் தண்டவாளம்வரை நின்றது. ராணுவ ரயில் நுழைய வழியில்லை. யார்டிலிருந்து மெர்வைக் கூப்பிட்டுக் கத்தினார்கள்.

பொய் தன்னுடையதுதான் என்று அப்போதுதான் அவனுக்குத் தெளிவாக உறைத்தது. மதுக்கடையில் முக்காலியின் மேல் ஏறி நின்றான்.

"எல்லாரும் கேளுங்க! படகும் இல்லை, ஆடும் இல்லை. நான்தான் இட்டுக்கட்டினேன். என் வாயால சொன்ன பொய்!"

நோரா அவனைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

"பாவம், மேலிடத்துல மிரட்டி இப்படிச் சொல்லச் சொல்லியிருக்காங்க."

"இல்லவே இல்லை! சத்தியமா நான்தான்!"

"சத்தியம் வேற பண்றான் பாரு," என்றார் மூலையிலிருந்த ஒருவர். "அப்ப முப்பது இல்லை, நூறு படகு." மூன்று பேர் குடித்ததைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்து போனார்கள்.

முக்காலியிலிருந்து இறங்கிய மெர்வுக்கு ஒரே ஒரு வழிதான் தெரிந்தது. எல்லாவற்றுக்கும் வேர் அந்த ரேடியோ. அதைப் பிடுங்கினால் வதந்தியும் போகும், ஸ்கோனும் வீட்டில் தங்கும். நேரே காவல் நிலையத்துக்குப் போனான்.

"பெர்சி எதிரி நாட்டு ரேடியோ கேக்கறாரு. என் கண்ணால பார்த்தேன். உடனே வாங்க."

கான்ஸ்டபிள் கின்னேன் பெரிய உருவம், சின்னக் குரல். யார்டுக்குக் காவல் போய்விட்டு அப்போதுதான் வந்திருந்தார். கொட்டாவியோடு தொப்பியை மாட்டிக்கொண்டு கிளம்பினார். அவர்கள் போய்ச் சேர்ந்தபோது பெர்சி வீட்டு முன்னறையில் அவரும் ஐவியும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். ஐவி கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நடுவில் ஸ்கோன்.

"பார்த்தீங்களா!" என்றான் மெர்வ். தான் காட்டியது ரேடியோவைத்தான் என்று பிற்பாடு சொல்லிக்கொண்டான்.

பெர்சி எழுந்து ரேடியோவுக்கும் கான்ஸ்டபிளுக்கும் நடுவில் வந்து நின்றார். "ஐயா, இது ரொம்பப் பழசு. தொட்டா ஷாக் அடிக்கும்."

கின்னேன் அவரை மெதுவாக நகர்த்திவிட்டு, பெட்டியின் பின்பலகையைக் கழற்றினார். குனிந்து பார்த்தார். கையை விட்டார். ஒரு ரம் பாட்டிலை வெளியே எடுத்தார். மறுபடி விட்டார். ஒரு ஜோடி காலுறை வந்தது.

"ரேடியோவோட வால்வு எங்கே?"

பெர்சியின் வெள்ளி முடிக்குக் கீழே முகம் சிவந்தது. "போன கிறிஸ்துமஸுக்கே எரிஞ்சுபோச்சு. சண்டை நேரத்துல புதுசு கிடைக்கலை."

"அப்ப ரயிலு, மருந்து, மாவு, ஆடு... இதெல்லாம்?"

பெர்சி காலுறையையே பார்த்துக்கொண்டு சொன்னார்: "ஐவி சொல்வா."

மெர்வ் மனைவி பக்கம் திரும்பினான். "உனக்கு யார் சொன்னது?"

"யாரா? நீதான்!" என்று ஐவி எழுந்தாள். மூன்று வாரம் அடக்கி வைத்தது மடை உடைத்துக்கொண்டு வந்தது. "முழிச்சிருந்தா வாய் திறக்கமாட்டே. தூங்கினா மூடமாட்டே! மருந்து, மாவு, ரயிலு, எல்லாம் உளர்றே. அதெல்லாம் எனக்கு எதுக்கு? எனக்குத் தெரியவேண்டியது ஒண்ணே ஒண்ணு. டோக்கியோவரைக்கும் தெரிஞ்சவராச்சே, விசாரிச்சுச் சொல்லுங்கன்னு இவர்கிட்ட வந்து அழுதேன். நாளைக்குச் சொல்றேன், நாளைக்குச் சொல்றேன்னு ஸ்கோன் தின்னாரே தவிர ஒண்ணும் சொல்லலை!"

"என்ன தெரியணும் உனக்கு?"

"மட்டில்டா யாரு?"

மெர்வ் கான்ஸ்டபிளைப் பார்த்துத் திருதிருவென்று விழித்தான்.

"பார்த்தீங்களா, முழிக்கறதை! தினமும் அவ பேச்சுத்தான், ஐயா. 'மட்டில்டாவை மெதுவா ஏத்துங்கடா, கீறல் விழுந்திடப்போகுது'ங்கறாரு. 'துணி போட்டு மூடுங்க, யார் கண்ணுலயும் படக் கூடாது'ங்கறாரு. பதினெட்டு வருஷமாக் குடித்தனம் பண்றேன், எனக்கு ஒரு நாளாவது போர்வை இழுத்து விட்டிருக்காரா? படகு, ஆடுன்னு புதுசா ஒரு பொய், என் கவனத்தைத் திருப்ப! குழி வேற தோண்டறாரு, அவளைக் கொண்டுவந்து ஒளிச்சு வைக்க!"

ராணுவ ரகசியம் மெர்வின் நாக்கு நுனிவரை வந்து நின்றது. வாயை இறுக மூடிக்கொண்டான். ஆனால் உள்ளுக்குள் என்னவோ இளகியது. இவளுக்கு என்மேல் பொறாமை! இந்த வயதில், என்மேல்! முகமெல்லாம் சிரிப்பாக நின்றான். அதைக் கண்டதும் ஐவி ஸ்கோன் தட்டைத் தலைக்கு மேலே தூக்கிவிட்டாள்.

கான்ஸ்டபிள் கின்னேன் அவசரமாகக் கதவைச் சாத்தினார். ஜன்னலையும் சாத்தினார். பிறகு தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டு, அந்தச் சின்னக் குரலை இன்னும் சின்னதாக்கிச் சொன்னார்:

"அம்மா, மட்டில்டாவுக்கு எடை இருபத்தேழு டன். மூக்கு இருக்கவேண்டிய இடத்துல பீரங்கி இருக்கும்."