மூன்று கிளினிக்கும் ஒரு காதும்

லிஃப்ட் மெக்கானிக் ஒருவருக்குக் கடுமையான காய்ச்சல் வந்து இரண்டு காதும் போயிற்று. அறுவை செய்து, சத்தத்தை நேராகக் காது நரம்புக்கு அனுப்பும் காக்ளியர் கருவியை வலது காதுக்குள் பதித்தார்கள். மருத்துவம் அத்துடன் முடிந்தது, நிர்வாகம் ஆரம்பித்தது.

கருவியைப் பதித்தால் மட்டும் போதாது. எந்தச் சத்தம் எவ்வளவு உரக்கக் கேட்கலாம் என்பதைக் கம்ப்யூட்டரில் அமைக்க வேண்டும். அதற்கு மேப்பிங் என்று பெயர். முதல் கிளினிக்கின் நிபுணர் ஓர் அட்டவணையைப் பார்த்து எண்களைத் தட்டினார்.

"எப்படி இருக்கு?"

"மண்டைக்குள்ள தகரத்தை உருட்டுற மாதிரி இருக்கு சார். வலிக்குது."

"வலிக்காதே! இந்த அளவுல வலிக்காதுன்னு அட்டவணையிலேயே போட்டிருக்கே."

அட்டவணையின் ஒப்புதல் இல்லாததால் அந்த வலி பதிவு செய்யப்படவில்லை.

வீட்டில் ஐந்து வயது மகள் "அப்பா!" என்று ஓடிவந்தாள். அவர் முகத்தைச் சுளித்துக் காதைப் பொத்திக்கொண்டார். அன்றிலிருந்து அவள் கூப்பிடுவதை விட்டுவிட்டுச் சட்டையைப் பிடித்து இழுக்க ஆரம்பித்தாள். காது வலியைவிட இந்த வலி பெரிதாக இருந்தது.

இரண்டாவது கிளினிக்குக்குப் போனார். "எவன்யா இப்படி வச்சது?" என்று அங்கிருந்தவர் தலையில் அடித்துக்கொண்டு எல்லாவற்றையும் பாதியாகக் குறைத்தார். இப்போது மகள் கிணற்றுக்குள்ளிருந்து பேசினாள்.

"கொஞ்சம் கூட்டி வைங்க டாக்டர்."

"இங்க கூட்டுற வழக்கம் கிடையாது."

மூன்றாவது கிளினிக்கில் நரம்பையே நேராக அளக்கும் இயந்திரம் இருந்தது. நோயாளி வாயைத் திறக்கவே தேவையில்லை என்பது அதன் சிறப்பு. அன்று அது பழுது. வேறு வழியில்லாமல், அங்கிருந்த டெக்னீஷியன் பெண் அவரிடமே கேட்டாள்.

"இது வலிக்குதாண்ணே? இது? இப்போ?"

இரண்டு மணி நேரம் கேட்டாள். கடைசியில் கூட வந்திருந்த மகளைப் பேசச் சொன்னாள்.

"அப்பா, பசிக்குது."

ஒவ்வோர் எழுத்தும் தெளிவாக விழுந்தது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "இன்னொரு தடவை சொல்லுடா கண்ணு."

"பசிக்குதுன்னு சொல்றேன்ல!"

நான்கு முறை சொல்ல வைத்த பிறகுதான் பிஸ்கட் வாங்கிக் கொடுத்தார்.

மறுநாள் டெக்னீஷியனுக்கு ஓலை வந்தது: 'இயந்திரம் பழுதடைந்த நிலையில், உரிய அனுமதியின்றி நோயாளியைக் கலந்தாலோசித்தது ஏன்?'

கிளினிக்குக்கு ஒரு மாதிரி ஒலியளவு வைப்பது சுகாதாரத் துறைக்கே தலைக்குனிவு என்று மேலிடம் கருதியது. 'ஒலியளவு ஒருமைப்பாட்டுக் குழு' உதயமாயிற்று. மூன்று கிளினிக்கின் எண்களையும் கூட்டி, மூன்றால் வகுத்து, வந்த விடையை எல்லோர் காதிலும் ஏற்ற வேண்டும் என்று குழு தீர்மானித்தது. நோயாளிகள் தரப்புக்கு மெக்கானிக்கையே கூப்பிட்டார்கள்.

அவர் மேஜையைத் தட்டி எழுந்தார். "ஆளுக்கு ஆள் காது வேறய்யா! சராசரிக் காதுன்னு ஒண்ணு எவன் தலையில முளைச்சிருக்கு?"

எல்லோரும் கைதட்டினார்கள். தலைவர் உருகிப்போனார். மெக்கானிக்கைக் குழுவின் நிரந்தர உறுப்பினராக்கி, சுழல்நாற்காலி கொடுத்து, ஒரு திருத்தமும் சேர்த்தார்: 'இத்தீர்மானம் உறுப்பினர்களின் காதுகளைக் கட்டுப்படுத்தாது.'

மெக்கானிக் உட்கார்ந்தார். நாற்காலி சௌகரியமாகத்தான் இருந்தது.

ஒரு வருடம் கழித்து, சராசரி அளவு ஏற்றப்பட்ட டீச்சர் ஒருவர் குழு அலுவலகத்தில் மெக்கானிக்கின் அறைக்கு வந்தார்.

"கிளாஸ்ல பிள்ளைங்க சத்தம் போட்டா உயிரே போகுதுங்க. யார்கிட்ட சொன்னாலும் காதுல வாங்க மாட்டேங்கறாங்க. நான் சொல்றது உங்களுக்காவது கேக்குதா சார்?"

"ரொம்ப நல்லாக் கேக்குதும்மா," என்றார் மெக்கானிக். "புகாரா எழுதி, மூணு பிரதி எடுத்துக் குடுங்க."