டோல்கேட் கொட்டகையில் நான் போட்ட புகை

நானூறு பேரை ஒரே நேரத்தில் கண்ணீர் விடவைப்பது பெரிய பெரிய நடிகர்களாலேயே முடியாத காரியம். நான் அதைச் செய்திருக்கிறேன். அதுவும் வேஷம் கட்டாமல், ஒரு வசனம்கூடப் பேசாமல். பெருமைப்பட்டுக்கொள்ளும்படியான சங்கதி இல்லை என்பதால் இத்தனை வருஷம் எழுதாமல் இருந்தேன். என் மனைவி ஊரெல்லாம் சொல்லி முடித்துவிட்டாள். இனி மறைத்துப் பிரயோஜனமில்லை.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து, இராயபுரத்தில் மாமாவின் மிளகாய் மண்டியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். மண்டி வேலை ஊருக்காக. என்னைக் கேட்டால், என் உத்தியோகம் பபூன் துரைக்கண்ணுவின் ரசிகனாக இருப்பதுதான்.

துரைக்கண்ணு அறுபதை நெருங்கிய நாடகக்காரர். ராஜா வேஷக்காரர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். பபூன் மட்டும் எப்போதும் அவர்தான். அவர் மேடைக்கு வருமுன்பே திரைக்குப் பின்னாலிருந்து அவருடைய சிரிப்பு வந்துவிடும். அடித்தொண்டையில் ஆரம்பித்து, படிப்படியாக ஏறி, இனி மூச்சு இருக்காது என்று நாம் நினைக்கும் இடத்தில் இன்னொரு சுற்றுச் சுற்றி, ஒரு விக்கலில் முடியும். மனுஷர் முகத்தைக் காட்டுவதற்குள் கொட்டகையே உருண்டுகொண்டிருக்கும். மண்டியில் தனியாக இருக்கும்போது நான் அந்தச் சிரிப்பைப் பழகிப் பார்ப்பதுண்டு. (ஒருநாள் மாமா கேட்டுவிட்டார். மறுநாளே எனக்கு மந்திரிக்க ஆள் வந்தது.)

ஐம்பத்தேழில் ஃப்ளூ ஜுரம் வந்தது. கப்பலில் வந்தது என்றார்கள். துறைமுகத்துக்குப் பக்கத்திலிருந்த எங்களுக்கு அதைப் பார்க்க வெகுதூரம் போகவேண்டியிருக்கவில்லை. வீட்டுக்கு இரண்டு பேர் படுத்தார்கள். கூட்டம் சேரவே ஜனங்கள் பயந்தார்கள். டோல்கேட் பக்கத்துத் தகரக் கொட்டகையில் நாடகம் நின்றது, கம்பெனி கலைந்தது. துரைக்கண்ணுவுக்கும் ஜுரம் வந்து நெஞ்சில் இறங்கி, ஒன்றரை மாதம் எழுந்திருக்கவில்லை. அவர் போய்விட்டார் என்று இரண்டு முறை வதந்தி கிளம்பியது. இரண்டு முறையும் நான் அழுதேன். (இரண்டாவது வதந்தி வந்த அன்று காலையில்தான் அவரை நேரில் பார்த்துப் பேசிவிட்டு வந்திருந்தேன். இருந்தும் அழுதேன்.)

வாராவாரம் ஒரு சீசா தேனோடு அவர் வீட்டுக்குப் போவேன். சந்துக்குள் ஒற்றை அறை. கட்டிலில் சாய்ந்தபடி சீசாவைப் பார்ப்பார்.

"இன்னா தம்பி, மறுபடியும் தேனா? இதுக்கு மேல குட்ச்சா, தேனீ வந்து என்னைத் தூக்கினு பூடும்."

"ஐயா, சிரிப்பு எப்படி இருக்கு?" என்று, கைக்குழந்தையின் உடம்பை விசாரிப்பதுபோலக் கேட்பேன்.

"பாதி வரிக்கும் வருது. அதுக்கு மேல காத்து இல்ல. நின்னுபூடுது."

அந்த மீதிப் பாதிக்காக நான் வேண்டாத சாமி இல்லை. ஒரு வருஷம் போய், ஜுரமும் அடங்கி, கொட்டகை முதலாளி ஒரு ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு நாடகம் என்று தட்டி வைத்தபோது, எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் முதலாளி முகத்தில் சந்தோஷம் இல்லை.

"அடைச்ச எடத்துல குந்துறதுக்கு ஜனம் பயப்படுது தம்பி. உள்ள வந்து பாத்துட்டுத் திரும்பிப் பூட்டா நான் இன்னா பண்றது?"

எனக்குள் இருந்த மேதை எழுந்து நின்றது அப்போதுதான். "வேப்பிலையும் சாம்பிராணியும் போட்டுக் கொட்டகை பூராவும் புகை காட்டுதேன் அண்ணாச்சி. பார்த்த உடனே ஜனங்களுக்குத் தைரியம் வந்திரும்" என்றேன்.

ஒரு வாரம் வேப்பிலை உருவிக் காயவைத்தேன். கட்டிக்கொண்டு போக மண்டியிலிருந்து ஒரு கோணி எடுத்தேன். என் தோஸ்து காதர், வண்ணாரப்பேட்டையில் சைக்கிள் கடை வைத்திருந்தவன், மூட்டையை ஏற்றிக்கொண்டு வரும் வழியில் ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

"கோணியை ஒதறினியா?"

"கோணியை எதுக்குலே உதறணும்? உள்ளே வேப்பிலைதானே இருக்கு" என்றேன்.

அதற்கு முந்தின நாள்வரை அந்தக் கோணிக்குள் குண்டூர் மிளகாய் இருந்தது. அடியில் உடைந்த வற்றலும் விதையும் தூளுமாக இரண்டு படியாவது தங்கியிருக்கும். மிளகாய் மண்டியிலேயே படுத்து எழுந்தவனுக்கு அந்த நெடி எங்கே தெரியப்போகிறது?

இதிலும் ஒரு தப்பிக்கும் வழி இருந்தது. மத்தியானமே ஆளில்லாத கொட்டகையில் புகை போட்டிருக்கலாம். ஆனால் ஆளில்லாத இடத்தில் சேவை செய்தால் யார் பார்ப்பார்கள்? ஜனங்கள் வந்து உட்கார்ந்து, திரையின் ஓட்டை வழியாகத் துரைக்கண்ணு எட்டிப் பார்க்கும் நேரமாகப் பார்த்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பெஞ்சுகளுக்கு நடுவே இறங்கினேன். ஐந்து மண்சட்டிகளில் தணல். ஒவ்வொன்றிலும் வேப்பிலையை அள்ளிப் போட்டு, கடைசியில் கோணியைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டினேன். முன்வரிசையில் ஒரு பெரியவர் என்னைப் பார்த்துக் கும்பிட்டார். நானும் கும்பிட்டேன். வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த ஒரே பொது மரியாதை அதுதான். அரை நிமிஷம் நீடித்தது.

முதலில் அந்தப் பெரியவர் தும்மினார். பிறகு அவர் வரிசை. பிறகு எல்லா வரிசையும். ஒரு வருஷமாகத் தும்மல் சத்தம் கேட்டாலே அடுத்த தெருவுக்கு ஓடிய ஜனம் அது. பெண்கள் பக்கத்திலிருந்து ஒருத்தி, "ஐயோ, ஜுரம் மறுபடியும் வந்துட்ச்சே" என்று அலறினாள். அவ்வளவுதான். பெஞ்சுகள் கவிழ்ந்தன. இருந்த மூன்று வாசல்கள் போதாமல் தட்டியைப் பிய்த்துக்கொண்டு நாலாவது வாசலையும் ஜனங்களே ஏற்பாடு செய்துகொண்டார்கள். கொட்டகைக்குப் பின்னால் கடற்கரை மணல். நானூறு பேரும் அங்கே போய் விழுந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, என் வம்சத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள்.

எனக்கு அப்போது ஒரே நினைப்புதான். அந்த நெஞ்சு. பாதிக் காற்றுள்ள அந்த நெஞ்சுக்குள் குண்டூர் மிளகாயை ஏற்றிவிட்டேனே. மேல்துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு மேடைக்குப் பின்னால் ஓடினேன். துரைக்கண்ணு ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி இருமிக்கொண்டிருந்தார். பாதி முகத்துக்கு அரிதாரம். மறுபாதி வெறும் முகம். நான் அவர் காலடியில் உட்கார்ந்து அழுதேன். (இந்த முறை எது அழுகை, எது மிளகாய் என்று எனக்கே தெரியவில்லை.)

"யாருடா பொகை போட்டது?"

"நான்தான் ஐயா. உங்களுக்காகத்தான்."

இருமல் ஓயும்வரை என்னையே பார்த்தார். "ஜனம் எங்க? வூட்டுக்குப் பூட்ச்சா?"

"இல்லை ஐயா. வெளியே மணல்ல நின்னு என்னைத் திட்டுறாங்க."

"நின்னுகினு கீறாங்க இல்ல? அப்ப வா."

என் காதைப் பிடித்தார். காதோடு நானும் போனேன். கரையில் கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு படகின் மேல் ஏறி நின்று, என்னையும் ஏற்றினார். பாதி முகம் வெள்ளையாக நின்ற அந்த மனுஷரைக் கண்டதும் கூட்டம் திட்டுவதை நிறுத்தியது.

"யாரும் பயப்படாதீங்கோ. வந்தது ஜுரம் இல்ல, மொளகா. இவுருதான் வைத்தியரு. வைத்தியரே, ஜனங்களுக்கு இன்னா மருந்து குட்த்தீங்க?"

நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். தும்மல்தான் வந்தது.

"ஓகோ. எத்தினி வேளை?"

மறுபடியும் தும்மல். அடக்க அடக்க இன்னும் இரண்டு.

"மூணு வேளையாம்பா. பத்தியம் எதுனா உண்டா?"

நான் தும்மத் தும்ம அவர் அதை ஜனங்களுக்கு மொழிபெயர்த்தார். என் தும்மலில் ஒன்று முதலாளியைக் கடன்காரன் என்றதாம்; இன்னொன்று முன்வரிசைப் பெரியவரிடம் பெண் கேட்டதாம். திட்டிக்கொண்டிருந்த வாய்களெல்லாம் இப்போது சிரித்தன. காதர் மணலில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தான். அவன் என் தோஸ்து என்பதை அவன் அன்று யாரிடமும் சொல்லவில்லை.

பிறகு அவர் என் காதை விட்டார். கண்ணை மூடிக்கொண்டார். அடித்தொண்டையில் சிரிப்பு ஆரம்பித்தது. ஒரு படி ஏறியது, இரண்டு படி ஏறியது, அவர் சொன்னபடியே பாதியில் நின்றது. வாய் திறந்திருந்தது, காற்று வரவில்லை. கடல் சத்தம் மட்டும் கேட்டது.

பின்னாலிருந்து ஒரு துறைமுகக் கூலியாள் அந்த மீதியை எடுத்தார். விட்ட இடத்திலிருந்து, அதே ஏற்றத்தில். பக்கத்தில் இருந்தவர் சேர்ந்தார். பிறகு பெண்கள் பக்கம். மண்டியில் திருட்டுத்தனமாகப் பழகியது நான் ஒருவன்தான் என்று நினைத்திருந்தேன். அங்கே நின்ற அத்தனை பேருக்கும் அந்தச் சிரிப்பு மனப்பாடமாக இருந்தது. மேலே கொண்டுபோய், அந்தக் கூடுதல் சுற்றும் சுற்றி, நானூறு விக்கலில் முடித்தார்கள். துரைக்கண்ணு படகின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மொளகா" என்றார்.

அதற்கப்புறம் இருட்டும்வரை அந்தப் படகுதான் மேடை. டிக்கெட் காசைத் திருப்பிக் கேட்டு ஒருவர்கூட முதலாளியிடம் போகவில்லை. கிளம்பும்போது துரைக்கண்ணு என்னை அழைத்து, "தம்பி, நீ தேனே எட்தாந்து குடு. மத்தது ஒண்ணும் வாணாம்" என்றார். இன்னும் ஆறு வருஷம் நாடகம் போட்டார். பாதிச் சிரிப்பு அவருடையது, மீதி எங்களுடையது.

மாமா என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் வந்தவர்களிடமெல்லாம், "நானூறு பேரை விரட்டின சரக்குல்லா இது" என்று சொல்லி விற்றுக்கொண்டிருந்தார்.

இரண்டு வருஷம் கழித்து எனக்குப் பெண் பார்க்கப் போனோம். எங்கள் ஊர்க்காரர்தான், ஆனால் இரண்டு தலைமுறையாக இராயபுரம். பெண்ணின் அப்பா என்னை உற்று உற்றுப் பார்த்தார்.

"மாப்ளையை எங்கியோ பாத்தா மாதிரி கீதே."

நான் பஜ்ஜியைப் பார்த்தேன்.

"டோல்கேட் கொட்டகையில பொகை போட்ட புள்ள தானே நீ?"

மாமா எழுந்து செருப்பைத் தேட ஆரம்பித்தார். பெரியவர் அவரைக் கையமர்த்தினார். "குந்துங்க. எங்க வூட்டம்மா அந்த ஜுரத்துல பூட்டா. அதுலேர்ந்து இந்த வூட்ல யாரும் சிரிக்கல. அன்னிக்கு இவன் தும்மினான் பாருங்க, என் பொண்ணு சிரிச்சா. வூட்டுக்கு வந்தும் சிரிச்சா. எனக்கு வேற ஒண்ணும் கேக்கவேணாம்."

உள்ளேயிருந்து, அடக்கிப் பார்த்தும் முடியாமல், ஒரு சிரிப்புச் சத்தம் வந்தது. மரகதத்தை நான் பார்ப்பதற்கு முன்னால் கேட்டது அதைத்தான். கேட்டதும் என் காது இரண்டும் சூடாகிவிட்டது. சம்மதம் என்று மாமா கையைக் கிள்ளினேன்.

இப்போது எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் தூபக்காலைக் கையில் எடுத்தால் போதும். மரகதம் தன் நாற்காலியைத் தூக்கிக்கொள்வாள். பிள்ளைகளும் மருமகள்களும் பேரன் பேத்திகளும் ஆளுக்கொன்றாகத் தூக்கிக்கொண்டு வரிசையாகத் தெருவில் போய் உட்கார்ந்து, காசு கொடுத்து வந்தவர்கள்போல வாசலையே பார்ப்பார்கள். அக்கம்பக்கத்தாரும் இப்போதெல்லாம் முக்காலியோடு வந்துவிடுகிறார்கள். நான் வீடு பூராவும் புகை காட்டிவிட்டு வாசலில் வந்து நின்று, கூட்டத்துக்கு ஒரு கும்பிடு போட்டு, என்னால் முடிந்தவரை சத்தமாக ஒரு தும்மல் போடுகிறேன்.