சடையனைப் பாராட்டிய குற்றம்

சதுரங்கப்பட்டினம்,
12-8-1974

சிரஞ்சீவி வாசுதேவனுக்கு, உன் அப்பா தாண்டவராயன் ஆசீர்வாதம் செய்து எழுதிக்கொண்டது. இங்கு யாவரும் நலம் என்று ஆரம்பிப்பதுதான் முறை. இங்கு யாரும் நலமில்லை. உன் நலத்தை மட்டும் அறிய ஆவல்.

ஆட்களை வேலை வாங்குவதற்கென்றே இங்கிலாந்தில் ஒரு எம்.ஏ. படிப்பு இருக்கிறது என்று நீ விமானம் ஏறினாய். பதினெட்டுப் பேரை வைத்துப் பெரிய வலை இழுக்கிற எனக்கு அதில் படிக்க என்ன இருக்கிறது என்று அன்றைக்கே புரியவில்லை. போன கடிதத்தில், பாடத்தில் உள்ள முறைகளை நம் ஆட்களிடம் செய்து பார்த்து எழுதுங்கள், அதை வைத்துக் கட்டுரை கொடுத்தால் சீக்கிரம் பாஸாகி வந்துவிடுவேன் என்று எழுதியிருந்தாய். சீக்கிரம் வந்துவிடுவேன் என்ற அந்த ஒரு வரிக்காகத்தான் செய்தேன். நடந்ததை எழுதுகிறேன், கட்டுரையில் போட்டுக்கொள்.

நன்றாக வேலை செய்கிறவனை நாலு பேர் முன்னால் பெயர் சொல்லிப் பாராட்ட வேண்டும் என்று எழுதியிருந்தாய். கடலுக்குப் போகிறவனைக் கரையில் நின்று யாரும் புகழமாட்டார்கள் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் புத்தகத்தில் இருக்கிறதே என்று, படகைத் தள்ளுகிற நேரம் பார்த்து, "சடையன மாரி துடுப்பு போடறவன் மாமல்லபுரம் வரிக்கும் எவன்டா கீறான்?" என்று சத்தமாகச் சொல்லித் தொலைத்தேன். சடையன் முகம் செத்துப்போயிற்று. அன்றைக்கே வலை பாறையில் மாட்டி நடுவில் கிழிந்தது, சடையனுக்குக் காய்ச்சல் கண்டது, மறுநாள் அவன் பெண்சாதி ஜெகதாம்பாள் தெருவே பார்க்க என் வாசலில் என் காலடி மண்ணை அள்ளிக்கொண்டுபோய், மிளகாயும் உப்பும் சேர்த்து அவனுக்குச் சுற்றி அடுப்பில் போட்டாள். கமறவே இல்லையாம். ஒருவருக்குக்கூட இருமல் வரவில்லையாம். என் கண்தான் பட்டது என்று முடிவாகிவிட்டது. இப்போது கைக்குழந்தைக்காரிகள் என்னைக் கண்டால் பிள்ளையை முந்தானையால் மூடுகிறார்கள்.

அதோடு விட்டேனா? குறைகளை ஒவ்வொருவராகத் தனியே கூப்பிட்டுக் கேட்கவேண்டும் என்றும் எழுதியிருந்தாயே, டச்சுக்காரன் கோட்டை மதில் நிழலில் உட்கார்ந்து கூப்பிட்டேன். ஒருவனும் வாயைத் திறக்கவில்லை. ஒவ்வொருவனும் சும்மா கால்மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போனான். மதிலுக்கு வெளியே நிற்கிறவர்களுக்கு அது தெரியுமா? உள்ளே போனவன் தன்னைப் பற்றித்தான் வத்திவைக்கிறான் என்று அவரவர் நினைத்துக்கொண்டார்கள். காத்தவராயன் நேராக வந்து, "இன்னா நைனா, எல்லாரையும் ஒண்ணா நிக்கவெச்சி கேக்கறத வுட்டுட்டு, ஒருத்தன ஒருத்தன் போட்டுக்குடுக்க வெச்சிகினு கீற? இது இன்னா போலீஸ் டேசனா?" என்றான். இப்போது பதினெட்டுப் பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. பேசிக்கொள்ளாதவர்கள் ஒரே கயிற்றை எப்படி இழுப்பார்கள்? எட்டு நாளாக வலை மணலில் காய்கிறது. கல்பாக்கத்தில் அணு மின் நிலையம் கட்டுகிற இடத்துக்குச் செங்கல் சுமக்கப் போகிறோம் என்கிறார்கள். போய்விட்டால் நம் தொழில் அதோடு சரி.

ஆகையால் கட்டுரை கிட்டுரை எல்லாம் போதும்பா. இதையே தந்தியாக நினைத்துப் புறப்பட்டு வா. நீ எழுதி வந்த வினை, நீயே வந்து அவர்களிடம் பேசு. எனக்கும் உன்னைப் பார்க்காமல் முடியவில்லை. அம்மா உனக்கென்று வஞ்சிரக் கருவாடு போட்டு, யாரையும் தொடவிடாமல் வைத்திருக்கிறாள்.

வருகிற வரைக்கும் அங்கே குளிருக்குக் காதைக் கட்டிக்கொள். எல்லையம்மன் துணையிருப்பாள்.

இப்படிக்கு,
உன் அப்பா
தாண்டவராயன்

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குள் பதினெட்டுப் பேரும் ஒன்றாக வந்து நின்றார்கள். நான் உன்னை வரச்சொல்லி எழுதுகிறேன் என்று அம்மா சந்தோஷத்தில் தெருவெல்லாம் சொல்லிவிட்டாள். "லெட்டர்ல வந்ததுக்கே இந்தப் பாடு. ஆளே வந்துட்டா தொழிலு நடக்குமா நைனா? வாசு அங்கியே நல்லா இருக்கட்டும். வராதன்னு எழுது, இப்பவே வலைய ஏத்தறோம்" என்றான் சடையன். பதினெட்டுக் குடும்பம். சரி என்று தலையாட்டிவிட்டேன். வலை கடலில் இருக்கிறது. ஆகவே மேலே எழுதியதை விட்டுவிடு. இப்போதைக்கு வராதே. அம்மாவிடம் இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பரீட்சையைத் தள்ளிப்போட்டுவிட்டார்கள் என்று அவள் பெயருக்கு நீயே ஒரு கடிதம் போடு. நான்தான் அதை அவளுக்குப் படித்துக் காட்டவேண்டும், அதனால் சுருக்கமாக எழுது.