ஓய்வு கொடுக்க வந்த பாஸ்டரம்மா

துத்துவிலா தீவு,
அமெரிக்க சமோவா.
புதன்கிழமை.

ஹொனலுலுவிலிருந்து வெளிவரும் ‘பராமரிப்பவர் மலர்’ ஆசிரியர், மதிப்பிற்குரிய ஹிகா அம்மையார் அவர்களுக்கு,

சினிவா பணிவுடன் எழுதிக்கொள்வது. கடவுள் கிருபையால் நானும் அப்பாவும் நலம். தாங்களும் தங்கள் கணவரும் பிள்ளைகளும், ஒருவேளை மணமாகாதவராக இருந்தால் தாங்கள் மட்டும், நலமாக இருக்க வேண்டும் என்று மாலை ஜெபத்தில் கேட்டுக்கொள்கிறோம். அப்பா சில நாள் இதற்கு ஆமென் சொல்கிறார். சில நாள், “யாரு இந்த ஹிகா, எந்தப் படைப்பிரிவு?” என்று கேட்கிறார். இரண்டையும் ஜெபமாகவே ஏற்றுக்கொள்ளும்படி வேண்டுகிறேன்.

போர்வீரர்களை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் குடும்பத்தாருக்காகத் தாங்கள் நடத்தும் இதழை நான் முதல் பக்கத்திலிருந்து அச்சகத்தின் முகவரி வரை படிக்கிறேன். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவள் ஆகையால் படிக்க எனக்கு வேறு எதுவும் வீட்டுக்கு வருவதில்லை. போன இதழில் ‘ஓய்வு உங்கள் உரிமை’ என்று ஒரு கட்டுரை எழுதியிருந்தீர்கள். வாரத்தில் ஒரு நாள் நான்கு மணி நேரத்துக்கு உதவியாளர் ஒருவர் வீட்டுக்கு வருவார், அவரிடம் பொறுப்பை விட்டுவிட்டு வெளியே போங்கள், நடந்துவிட்டு வாருங்கள், தோழியைப் பாருங்கள் என்று அதில் இருந்தது. படத்தில் ஒரு பெண் கடற்கரையில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். அந்தக் கட்டுரையைப் பற்றித்தான் இந்தக் கடிதம். குறை சொல்லவில்லை. நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

என் அப்பா அலபாத்தி அமெரிக்கப் பட்டாளத்தில் சார்ஜெண்டாக இருந்தவர். ஈராக்கில் அவர் போன வண்டிக்கு அடியில் குண்டு வெடித்து தலையில் அடிபட்டது. ஊருக்கு வந்து பல வருஷம் நன்றாகத்தான் இருந்தார், எங்கள் குடும்பத்தின் தலைவர் பட்டத்தையும் அவருக்குத்தான் கொடுத்தார்கள். பிறகு மறதி வந்தது, ஒரு நாள் தேவாலயப் படியில் விழுந்தார், அதோடு தனியாக எழுந்து நடப்பது நின்றது. அம்மா அதற்கு முன்பே இறந்துவிட்டார். அண்ணன்கள் இரண்டு பேரும் அப்பாவைப் போலவே பட்டாளத்தில், டெக்ஸாஸில் இருக்கிறார்கள். மீதி இருந்தவள் நான். இப்போது எனக்குப் பத்தொன்பது வயது. அப்பா என்னை டெல்கடோ என்று கூப்பிடுகிறார். டெல்கடோ என்பவர் அப்பாவின் வண்டியை ஓட்டிய சிப்பாய், திரும்பி வரவில்லை என்று அண்ணன் சொன்னான். முதலில் “நான் சினிவாப்பா” என்று சொல்லிப் பார்த்தேன். அப்போதெல்லாம் யாரோ அந்நியர் வீட்டுக்குள் நுழைந்துவிட்டதுபோலப் பயந்து நடுங்குவார். டெல்கடோ என்றால் அமைதியாகிவிடுவார். அதனால் நான் டெல்கடோவாகவே இருந்துகொண்டேன். டெல்கடோவிடம் அவர் ஆங்கிலத்தில்தான் பேசுவார், நானும் “யெஸ் சார்ஜெண்ட்” என்று சொல்லிக் கஞ்சி ஊட்டுவேன்.

செவ்வாய்க்கிழமை தோறும் ஹொனலுலு ஆதரவு அலுவலகத்திலிருந்து ஓர் அம்மா போன் செய்து, ஒன்றிலிருந்து பத்துக்குள் உனக்கு எவ்வளவு களைப்பு என்று கேட்பார். நடுவில் இருப்பதுதான் மரியாதை என்று நான் எப்போதும் ஐந்து என்பேன். அவர்தான் இந்த ஓய்வு ஏற்பாட்டைச் சொல்லி, வேண்டுமா என்று கேட்டார். எனக்கு யாரிடமும் வேண்டாம் என்று சொல்ல வராது. வியாழக்கிழமை மதியம் ஒருவர் வருவார் என்றார். என்னைப்போல ஒரு பெண் வருவாள், கூடை நிறையத் துணி துவைப்பாள், நானும் அவளும் பேசிக்கொண்டிருக்கலாம் என்று நினைத்துக்கொண்டு முந்தின நாளே தலைக்குக் குளித்தேன். வந்து இறங்கியவர், மலைக்கு அந்தப் பக்கத்து ஊர் பாஸ்டரின் மனைவி, பாஸ்டரம்மா மொயெலாங்கி.

உங்கள் ஊரில் எப்படியோ தெரியாது. எங்கள் ஊரில் பாஸ்டரம்மா வீட்டுக்கு வந்தால் ராணி வந்த மாதிரி. பெட்டியிலிருந்து நல்ல பாயை எடுத்து விரிக்க வேண்டும், சமைக்க வேண்டும், சாப்பிடும்போது பக்கத்தில் உட்கார்ந்து ஈ வராமல் விசிறி வீச வேண்டும், விருந்தாளியைத் தனியாக விட்டுவிட்டு வெளியே போவது என்பது நினைத்தே பார்க்கக்கூடாதது. அவரோ ஹொனலுலுவில் பயிற்சி எடுத்துக்கொண்டு சான்றிதழோடு வந்திருந்தார். வாசலிலேயே, “நீ போ கண்ணு, வெளிய போயிட்டு வா, நான் பாத்துக்கிறேன்” என்றார். நான் “சரிங்கம்மா” என்று சொல்லிவிட்டுப் பின்கட்டுச் சமையல் கொட்டகைக்குப் போய் அடுப்பு மூட்டினேன். சேப்பங்கிழங்கு அவித்து, சேப்பிலைக்குள் தேங்காய்ப்பாலை ஊற்றிக் கட்டிச் சுட்டு, டப்பா மாட்டுக்கறியைத் திறந்து, கோக்கோ அரிசிக் கஞ்சி வைத்து முடிப்பதற்குள் என் நான்கு மணி நேரத்தில் பாதி புகையாகப் போய்விட்டது. அதற்குள் அப்பா, விருந்தாளியைக் கண்டதும் பழைய நினைவு வந்து, தலைவருக்கு உரிய வரவேற்புரையை ஆரம்பித்துவிட்டார். என்ன ஒரு உரை. வார்த்தை ஒன்றுகூடத் தப்பவில்லை. முடிவு மட்டும் மறந்துபோனதால், முடிவுக்கு வரும்போதெல்லாம் திரும்ப முதலிலிருந்து தொடங்கினார். பாஸ்டரம்மாவும் மரியாதைக்காக ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்பதுபோலக் கேட்டு, ஒவ்வொரு முறையும் பதிலுரை சொன்னார்.

பிறகு மாத்திரை. அப்பாவுக்கு மாத்திரையைச் சாப்பாட்டோடு கொடுக்க வேண்டும். விருந்தாளி சாப்பிடாமல் தான் வாயில் வைப்பது மரியாதை இல்லை என்று அப்பா கையைக் கட்டிக்கொண்டார். நோயாளி சாப்பிடுவதற்கு முன்னால் உதவியாளர் சாப்பிடக்கூடாது என்று பயிற்சியில் சொல்லியிருக்கிறார்களாம், பாஸ்டரம்மாவும் கையைக் கட்டிக்கொண்டார். “நீங்க சாப்பிடுங்க.” “இல்ல, நீங்க முதல்ல.” கஞ்சியில் ஆடை படர்ந்தது. நான் இரண்டு பேருக்கும் நடுவில் விசிறி வீசிக்கொண்டிருந்தேன். கடைசியில் பாஸ்டரம்மா கண்ணை மூடி ஜெபம் செய்ய, அந்த இடைவெளியில் மாத்திரையை அப்பா வாயில் போட்டேன். குளிப்பாட்டும் வேலையும் அவரால் முடியாது. ஒரு தலைவரின் தலையைப் பாஸ்டரம்மா தொடுவது இரண்டு பக்கத்துக்கும் தகாது. ஆகவே அவர் வருவதற்கு முன்பே அப்பாவைக் குளிப்பாட்டி, வெள்ளைச் சட்டை போட்டு உட்கார வைக்கிறேன். எனக்கு ஓய்வு கொடுக்க வருபவருக்காக நான் வியாழக்கிழமை விடியும்போதே எழுந்துவிடுகிறேன் என்பதைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்.

அடுத்த வாரம் விஷயம் ஊருக்குத் தெரிந்துவிட்டது. பக்கத்து ஊர் பாஸ்டரம்மாவை ஒரு சின்னப் பெண் மட்டும் உபசரிப்பதா, ஊர் மானம் என்ன ஆகும் என்று எங்கள் மாதர் சங்கமே சீருடை போட்டுக்கொண்டு வந்து தூணுக்கு ஒருவராக உட்கார்ந்துவிட்டது. தலைவி கொட்டகைக்குள் எட்டிப் பார்த்து, “என்னடி இது, பாஸ்டரம்மாவுக்கு வெறும் டப்பாக் கறியா? உங்கம்மா இருந்தா இப்படியா வைப்பா?” என்றார். பிறகு அவரே ஒரு பன்றிக்குட்டியை அனுப்பினார். அதைச் சமைத்ததும் நான்தான். அப்பா ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வரவேற்புரை கொடுத்தார். எங்கள் வீட்டுக்குச் சுவர் கிடையாது, அதனால் உள்ளே அவர்கள் சிரித்துச் சிரித்துப் பேசுவது கொட்டகையில் எனக்கு ஒன்று விடாமல் கேட்டது. எங்கள் வழக்கப்படி பெரியவர்கள் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் சமைத்தவர்கள் சாப்பிட வேண்டும். அவர்கள் எழுந்து, மீதியை இலையில் கட்டிக்கொண்டு, “பாவம், நல்ல பொண்ணு, சத்தமே இல்ல” என்று தங்களுக்குள் சொல்லிக்கொண்டு போனார்கள். அன்று வீடு நிறைய ஆட்கள் இருந்தார்கள். என்னிடம் பேசியது அந்தச் சங்கத் தலைவி மட்டும்தான், அதுவும் கறியைப் பற்றி.

மூன்றாவது வாரம் தங்கள் கட்டுரையை மனதில் வைத்துத் தைரியமாக வெளியே கிளம்பினேன். நடக்கலாம் என்று எழுதியிருந்தீர்கள். எங்கள் சாலையில் ஒரு பெண் தனியாக நடந்தால் ஒவ்வொரு வீட்டிலிருந்தும், “வா, சாப்பிட்டுப் போ” என்பார்கள், அடுத்த மூச்சில், “அப்பாவ யார்கிட்ட விட்டுட்டு வந்த?” என்பார்கள். நான்காவது வீட்டோடு என் நடை முடிந்தது. தோழியைப் பாருங்கள் என்று எழுதியிருந்தீர்கள். என் தோழி ரோபெத்தா போன வருஷம் பட்டாளத்தில் சேர்ந்து போய்விட்டாள். ஆகவே திரும்பி வந்து, எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஈரப்பலா மரத்தடியில், யார் கண்ணிலும் படாமல் உட்கார்ந்திருந்தேன். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டேன். சிரிப்பு வரவில்லை. நாய் வந்து பார்த்துவிட்டுப் போனது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். வரும் செவ்வாய்க்கிழமை ஆதரவு அலுவலகத்து அம்மா போன் செய்து, இந்த ஏற்பாட்டைத் தொடரலாமா, நிறுத்திவிடலாமா என்று கேட்கப்போகிறார். நான் என்ன சொல்கிறேனோ அதுதான் வருஷம் முழுவதுக்கும் என்றார். நிறுத்துங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது, ஐந்து என்று சொல்லிவிடுவேன். இதழில் உள்ள முகவரிப்படி அவருடைய அலுவலகமும் தங்கள் அலுவலகமும் ஒரே கட்டடம் என்பதால், தாங்கள் தயவுசெய்து அவரிடம் போய், சினிவாவுக்கு வியாழக்கிழமைகள் வேண்டாமாம் என்று சொல்லிவிடுங்கள். அப்படிச் சொல்வது கஷ்டம் என்றால், பாஸ்டரம்மாவுக்குப் பதிலாக வேறு யாரையாவது அனுப்பச் சொல்லுங்கள். பட்டம் இல்லாத, மணமாகாத, யாருக்கும் மனைவியோ சங்கத்துக்குத் தலைவியோ அல்லாத, டப்பாக் கறி போதும் என்கிற ஒரு பெண். கொஞ்சம் பேசுகிறவளாக இருந்தால் நல்லது. இல்லையென்றாலும் பரவாயில்லை, நான் பழகிக்கொள்வேன்.

பாஸ்டரம்மா மேல் எந்தக் குற்றமும் இல்லை. மிகவும் நல்லவர், விசிறி வீசும்போது கை வலிக்குமே என்று சாப்பாட்டைச் சீக்கிரம் முடிக்கப் பார்க்கிறார். இந்தக் கடிதத்தை இதழில் போடுவதாக இருந்தால் பெயரையும் ஊரையும் தீவையும் எடுத்துவிடவும். இங்கே தேவாலயத்தில் ஞாயிற்றுக்கிழமை அறிவிப்புகளோடு சேர்த்துத் தங்கள் இதழையும் வாசிக்கிறார்கள்.

தங்கள் இல்லத்திலும் அலுவலகத்திலும் சமாதானம் பெருகட்டும், தங்கள் பேனாவில் மை வற்றாதிருக்கட்டும், தங்கள் வயதுக்கும் பதவிக்கும் முன்னால் குனிந்து விடைபெறுகிறேன்.

பணிவுள்ள,
சினிவா (அலபாத்தியின் மகள்)

பின்குறிப்பு: இது வெள்ளிக்கிழமை எழுதுவது. தபால் விமானம் வராததால் கடிதம் என்னிடமே இருந்தது. மேலே எழுதியதைக் கிழித்துவிட்டு வேறு எழுதலாம், ஆனால் வீட்டில் தாள் இவ்வளவுதான். ஆகவே மேலே இருப்பதைப் படிக்காததுபோல வைத்துக்கொள்ளவும்.

நேற்று மாதர் சங்கத்தார் ஒரு துக்க வீட்டுக்குப் போய்விட்டார்கள், பாஸ்டரம்மா மட்டும் வந்தார். சாப்பாட்டின்போது பேச்சுக் கொடுப்பதற்காக, “உங்களுக்கு மகள் இருக்காங்களா?” என்று அப்பாவைக் கேட்டார். நான் பக்கத்தில்தான் விசிறியோடு உட்கார்ந்திருந்தேன். அப்பா எங்கள் மொழியில் சொன்னார்.

“இருக்கா. சினிவா. பள்ளிக்கூடம் போயிருக்கா. நல்லாப் படிப்பா. வாயத் திறந்து பேச மாட்டா, கூட்டத்துல அவ இருக்கிற எடமே தெரியாது. ஆனா வீட்டுல அவ இல்லேன்னா எனக்குத் தெரிஞ்சிரும்.”

பிறகு வெளியே பார்த்தார். மலைப் பக்கம் கறுத்திருந்தது. என்னைப் பார்த்து ஆங்கிலத்துக்கு மாறினார். “டெல்கடோ, மழை வரப்போகுது. என் பொண்ணு குடை எடுத்துட்டுப் போகல. பஸ் நிக்கிற எடத்துக்குப் போய்க் கூட்டிட்டு வா.”

நான் “யெஸ் சார்ஜெண்ட்” என்றேன். ஆனால் விசிறி வீசிக்கொண்டே இருந்தேன். பாஸ்டரம்மா என் கையிலிருந்து விசிறியை வாங்கிக்கொண்டார், தானே வீச ஆரம்பித்தார். எங்கள் ஊரில் யாரும் பார்த்திராத காட்சி அது. “போயிட்டு வா கண்ணு” என்றார். “இங்க நான் இருக்கேன்.”

குடையை எடுத்துக்கொண்டு போனேன். வழியில் ஒவ்வொரு வீட்டிலும் எங்கே என்று கேட்டார்கள். “எங்க வீட்டுப் பொண்ணக் கூட்டிட்டு வர” என்றேன். அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை. பள்ளிக்கூட பஸ் வந்தது, பிள்ளைகள் சீருடையில் இறங்கித் தலையில் பையை வைத்துக்கொண்டு ஓடினார்கள். கடைசிப் பிள்ளை இறங்கும் வரை நின்றேன். பிறகு குடையை விரித்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, கொட்டகைப் பக்கம் போகாமல், முன்பக்கமாகப் படியேறினேன். அப்பா நிமிர்ந்து பார்த்தார்.

“சினிவா, வந்துட்டியா? நனைஞ்சிட்டியா?”

“இல்லப்பா. டெல்கடோ குடை கொண்டு வந்தாரு.”

“நல்ல பையன்” என்றார். தன் பக்கத்தில் பாயைத் தட்டிக் காட்டினார். உட்கார்ந்தேன். பாஸ்டரம்மா தன் தட்டிலிருந்து எனக்கு எடுத்து வைத்தார்.

மாலை ஜெபத்துக்குள் நான் மறுபடி டெல்கடோ ஆகிவிட்டேன். அது பரவாயில்லை. ஆனால் செவ்வாய்க்கிழமை போனில் தொடரலாம் என்று நானே சொல்லப்போகிறேன், தாங்கள் அந்த அம்மாவிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம். தங்கள் கட்டுரையும் சரிதான். வியாழக்கிழமைகளில் எனக்குப் போக ஓர் இடம் இருக்கிறது. பஸ் நிற்கும் இடத்துக்குப் போய்விட்டு வீட்டுக்கு வர வேண்டும்.