மிஷனரி ஐயர் அங்கி

பக்கெட்டிலிருந்து வெளியே எடுத்தபோது அங்கி நீலமாக இருந்தது.

லேசான நீலம் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. ஆஸ்பத்திரிச் சுவரில் பாதி உயரத்துக்கு அடித்திருப்பார்களே, அந்த நீலம். தர்மன் அதைப் பிழிந்து பார்த்தான். உதறிப் பார்த்தான். கொல்லையில் வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தும் பார்த்தான். வெயிலில் இன்னும் நன்றாகத் தெரிந்தது.

"நகக்கண்ணு அளவு நீலம் போட்டா போதுங்க" என்று படித்துப் படித்துச் சொல்லிவிட்டுத்தான் அவன் மனைவி சுகிர்தம் பிரசவத்துக்கு ஏரியூரில் இருக்கும் தாய்வீட்டுக்குப் போயிருந்தாள். தர்மன் லைன்மேன். கம்பத்தில் ஏறி ஏறிக் காய்ந்துபோன கை. அந்தக் கைக்கு நகக்கண் அளவு என்பது ஒரு பிடி.

அவனுடைய சட்டையாக இருந்தால் நீலமாகவே போட்டுக்கொண்டு திரிந்திருப்பான். இது சபையின் அங்கி.

கம்பைநல்லூருக்குப் பக்கத்தில் இருந்த அந்த ஊரில் லுத்தரன் சபை மிகச் சிறியது. வாராவாரம் உபதேசியார்தான் ஆராதனை நடத்துவார். குருவானவரை அங்கே ஐயர் என்பார்கள். அவர் மாதத்தின் முதல் ஞாயிறு மட்டும் மோட்டார் சைக்கிளில் வந்து அப்பமும் ரசமுமாகத் திருவிருந்து கொடுத்துவிட்டுப் போவார். எத்தனை ஐயர்கள் மாறினாலும் அன்றைக்கு அவர்கள் போட்டுக்கொள்வது ஒரே அங்கிதான். கோயிலைக் கட்டிய வெள்ளைக்கார மிஷனரி ஐயர் கப்பலேறப் போகும்போது தன் தோளிலிருந்து கழற்றிக் கொடுத்துவிட்டுப் போன அங்கி. ஆராதனை முடிந்ததும் அது ஒரு வீட்டுக்குப் போகும். அந்த வீட்டார் துவைத்து, கஞ்சி போட்டு, தேய்த்து, அடுத்த மாதம் கொண்டுவர வேண்டும். சபையில் பாய் விரிக்கிறவர்கள் உண்டு, மணி அடிக்கிறவர்கள் உண்டு, தண்ணீர் பிடித்து வைக்கிறவர்கள் உண்டு. அங்கி துவைக்கிற வீட்டுக்கு இருந்த மதிப்பு அவர்கள் யாருக்கும் கிடையாது.

தர்மன் மாற்றலாகி அந்த ஊருக்கு வந்து வருசம் ஒன்றாகப் போகிறது. இன்னும் சபையில் அவனுக்குப் பெயர் "கரண்டு ஆபீஸ்காரர்"தான். பாய் விரிக்கிறேன் என்று எழுந்தால், "நீங்க உக்காருங்க சார், எங்களுக்கு எதுக்கு அந்தச் சங்கடம்" என்பார்கள். மணிக்கயிற்றில் கை வைத்தால் யாராவது சிரித்துக்கொண்டே கயிற்றை வாங்கிக்கொள்வார்கள். மரியாதைதான். ஆனால் வருசம் முழுக்க ஒரே வீட்டுக்கு விருந்தாளியாகப் போவதைப் போல ஒரு வேதனை உலகத்தில் இல்லை. அது தர்மனுக்கு நிஜமாகவே வலித்தது.

போன மாதம்தான் உபதேசியார் பெரியண்ணன் மனசு இரங்கி அங்கியை அவன் கையில் கொடுத்தார். மாதர் சங்கத் தலைவி ராணியம்மாள் அங்கேயே, எல்லோருக்கும் முன்னால் கேட்டுவிட்டார்.

"புதுசா வந்தவங்க கையில இதயா குடுக்கறது? அறுவது வருசமா ஒரு பொட்டுக் கறை படாம வெச்சிருக்கறோம்."

அங்கி கெட்டுப்போனால் என்ன ஆகும் என்பது தர்மனுக்குத் தெரியும். யாரும் திட்டமாட்டார்கள். இன்னும் மரியாதையாகப் பேசுவார்கள். கடைசி வரை அவன் கரண்டு ஆபீஸ்காரர்தான். பிறக்கப் போகிற பிள்ளையும் அந்தச் சபையில் விருந்தாளியாகவே வளரும். இந்தப் பயத்தில் மூன்று வாரம் அங்கியைத் தொடாமல் பெட்டி மேல் வைத்துக் கும்பிடாத குறையாகப் பார்த்துக்கொண்டிருந்தான். திருவிருந்து ஞாயிறு நெருங்கிய பிறகு, வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டுத் துவைக்க உட்கார்ந்தான். அதன் பலன்தான் இந்த ஆஸ்பத்திரிச் சுவர்.

"என்னங்க அது, திரைச்சீலையா?" என்று வேலிக்கு அந்தப் பக்கமிருந்து பாஞ்சாலி கேட்டாள். பக்கத்து நிலத்துக்காரர் மனைவி. நல்ல மனசு. அவள் சொல்லும் யோசனைகளுக்குத்தான் அந்த மனசு கிடையாது.

தர்மன் விஷயத்தைச் சொன்னான்.

"இதுக்குப் போயி மொகத்தத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்கறீங்க! கெணத்துக்குப் போடற பிளீச்சிங் பவுடர் எங்க வூட்ல கெடக்குது. ஒரு முக்கு முக்குனா பால் மாதிரி ஆயிரும்."

ஒரு முக்கு முக்கினான். நீலம் அப்படியே இருந்தது. பவுடரைக் கூட்டி ஊறப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனான். திரும்பி வந்து பார்த்தால் நீலம் போயிருந்தது. அதோடு துணியின் உயிரும் போயிருந்தது. அங்கி வெளிறி, வாடிய வாழையிலையாகத் துவண்டு கையில் தொங்கியது.

"வெளுத்துப் போச்சு பாத்தீங்களா!" என்றாள் பாஞ்சாலி பெருமையாக.

"நிக்கவே மாட்டேங்குதுங்களே."

"கஞ்சி போடுங்க. தன்னால நிக்கும்."

"சோறு வடிச்ச கஞ்சி இல்லீங்க. ரெண்டு நாளா ஓட்டல்லதான் சாப்பாடு."

"எங்க வூட்லயும் இன்னிக்குக் களிதான். மரவள்ளி மாவு இருக்குது, காச்சித் தரட்டுங்களா?"

மரவள்ளி மாவை எவ்வளவு காய்ச்சுவது என்று அவளும் யோசிக்கவில்லை, எவ்வளவு ஊற்றுவது என்று இவனும் கேட்கவில்லை. ஒரு குண்டான் பசையை அங்கி முழுசாகக் குடித்தது. கொடியில் போட்டார்கள். தர்மபுரி ஜில்லா வெயிலுக்கு வேலை சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. மாலையில் தர்மன் அதைக் கொடியிலிருந்து எடுக்கப் போனபோது, அங்கி மடங்க மறுத்தது. இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு விறைத்து நின்றது. அதைக் கட்டிப் பிடித்து, வாசற்படியில் குறுக்காகத் திருப்பி, வீட்டுக்குள் கொண்டுபோய் நாற்காலியில் சாய்த்தான். அங்கி பாதி மடங்கி உட்கார்ந்துகொண்டது.

அந்த நேரம் பார்த்து வாசலில் குரல் கேட்டது.

"தம்பி இருக்கறீங்களா?"

ராணியம்மாள்.

தர்மன் பாய்ந்து வெளியே வந்து கதவை முதுகால் சாத்தினான். கதவு முழுசாகச் சாத்தவில்லை.

"வாங்கம்மா, தோத்திரம்ங்க."

"தோத்திரம். சந்தைக்கு வந்தன், அப்படியே அங்கி என்ன நெலமையில இருக்குதுன்னு ஒரு எட்டுப் பாத்துட்டுப் போலாம்னு."

"எல்லாம் ஆச்சுங்கம்மா. கஞ்சிகூடப் போட்டாச்சு."

அது ஒன்றுதான் அவரிடம் அவன் சொன்ன உண்மை. ராணியம்மாள் அவன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"உள்ள யாரோ வெள்ளச் சட்டையில உக்காந்திருக்கறாங்களே?"

"அது… ஊர்லருந்து ஒருத்தர் வந்திருக்கறாருங்க."

"நம்ம ஆளுங்களா?"

"கோயிலுக்கு வேண்டியவருதாங்க."

"ஏங்க, தோத்திரம்!" என்று ராணியம்மாள் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். "என்ன தம்பி, கையத் தூக்குனவரு தூக்குன மேனிக்கு இருக்கறாரு, பேச மாட்டேங்கறாரு?"

"செபம் பண்றாருங்க" என்றான் தர்மன்.

ராணியம்மாள் சட்டென்று குரலைத் தாழ்த்தினார். "அப்ப தொந்தரவு பண்ண வேணாம். பக்தியுள்ள மனுசன். ஞாயித்துக்கெழம அவரையும் கூட்டிக்கிட்டு வந்திருங்க, முன்வரிசையில உக்கார வெப்போம்" என்று சொல்லிவிட்டுப் போனார். வந்து வருசமாகியும் தனக்குக் கிடைக்காத முன்வரிசை, வந்த அன்றைக்கே அங்கிக்குக் கிடைத்துவிட்டதே என்று தர்மனுக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

மறுநாள் சனிக்கிழமை. விடிந்ததும் தண்ணீர் தெளித்து இளக்கி, இஸ்திரி போட ஆரம்பித்தான். கரண்டுப் பெட்டி. சூட்டைக் குறைக்கும் திருகு எந்தப் பக்கம் என்பது மற்றவர்களுக்குத் தெரியாமல் போகலாம், தர்மனுக்குத் தெரியும். தெரிந்து என்ன பயன்? பெட்டி மரவள்ளிப் பசையில் ஒட்டிக்கொண்டது. இழுத்தான், வரவில்லை. வீடு முழுக்க அப்பளம் சுட்ட வாசனை வந்தது. இரண்டு கையாலும் பிடித்து இழுத்தபோது பெட்டி வந்தது. அதோடு, நெஞ்சுப் பக்கத்தில் பெட்டி அளவுக்குத் துணியும் வந்தது.

ஓட்டை வழியாகத் தரை தெரிந்தது. தர்மன் அங்கியை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். வெள்ளைக்காரர் கடல் தாண்டிக் கொண்டுவந்தது, எத்தனையோ ஐயர்மார் போட்டது, அறுபது வருசத்துக்கு அழியாதது, இவன் கைக்கு வந்து ஒரே மாதத்தில் அழிந்தது. அவனுக்கு அழுகை வந்தது. அழுதான்.

வாசனை பிடித்து வந்த பாஞ்சாலி இந்த முறை உருப்படியாக ஒன்று சொன்னாள். "கம்பைநல்லூர்ல ஜமீர் பாய்னு ஒரு டைலர் இருக்கறாருங்க. எலி கடிச்ச பட்டுப்பொடவயே சரி பண்ணிக் குடுத்தாரு. எதுக்கும் ஓடிப் பாருங்க."

சைக்கிளை மிதித்துக்கொண்டு ஓடினான். ஜமீர் பாய் அங்கியை மேஜையில் விரித்தார். கழுத்திலிருந்து கீழ்வரை தடவிப் பார்த்தார். ஓட்டைக்குள் கையை விட்டு மறுபக்கம் எடுத்தார்.

"ஒட்டுப் போட முடியாதுங்களே" என்றார். "துணியே செத்துப் போச்சு."

"பாய், நாளைக்குக் காலையில இது ஐயர் தோள்ல இருக்கணும். இல்லாட்டி என்னால அந்தக் கோயில்ல தல காட்ட முடியாது. மாதிரிக்கு இத வெச்சுக்கிட்டு, இதே மாதிரி ஒண்ணு…" சொல்லி முடிப்பதற்குள் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

பாய் ஒரு டம்ளர் டீயை அவன் பக்கம் நகர்த்தினார். "மொதல்ல இதக் குடிங்க. பொழுது சாய வாங்க."

பொழுது சாயப் போனபோது அங்கி தயாராக இருந்தது. அதே கழுத்து, அதே தொளதொளத்த கை, பின்பக்கம் அதே மடிப்பு. புதுத்துணி என்று தெரியாமலிருக்க லேசாக டீத் தண்ணீரில் அலசியும் வைத்திருந்தார். தர்மன் அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை ஐயர் அந்த அங்கியைப் போட்டுக்கொண்டு பீடத்துக்கு முன்னால் நின்றார். ஜன்னல் வெயில் பட்டு அங்கி பளிச்சென்று இருந்தது. பாவ அறிக்கை வந்தபோது சபையார் எல்லோரும் மெதுவாகச் சொன்னார்கள். தர்மன் மட்டும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னான்.

ஆராதனை முடிந்ததும் ராணியம்மாள் வந்து, செபம் பண்ணியவரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல், அங்கியின் கையைப் பிடித்துப் பார்த்தார். விளிம்பைத் திருப்பித் தையலைப் பார்த்தார். நிமிர்ந்து தர்மனைப் பார்த்தார். இனி மறைக்க முடியாது, மறைக்கவும் பிடிக்கவில்லை.

"அம்மா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணுங்க…"

"ஒண்ணும் சொல்ல வேணாம்" என்றார் அவர் அவசரமாக. பிறகு சபையாரைப் பார்த்துத் திரும்பி, "பாருங்க, வெள்ளக்காரன் துணின்னா துணிதான். அறுவது வருசமாச்சு, நேத்துத் தெச்ச மாதிரி இருக்குது. தர்மன் தம்பி எவ்வளவு நல்லா வெச்சிருக்கறாரு!" என்றார்.

எல்லோரும் அவன் தோளைத் தட்டினார்கள். உபதேசியார், "இனிமே முதல் மணி நீங்களே அடிங்க தர்மன்" என்று கயிற்றைக் கையில் கொடுத்தார். யாரோ ஒருத்தர், "அந்தப் பாயக் கொஞ்சம் சுருட்டுப்பா" என்று அவனை அதட்டக்கூடச் செய்தார். அந்த அதட்டலுக்காக அவன் எத்தனை நாள் ஏங்கியிருப்பான்! பாயைச் சுருட்டினான். கண் கலங்கியது. சந்தோஷம் பாதி, குற்ற உணர்ச்சி பாதி. இத்தனை நல்ல ஜனங்களை ஏமாற்றிவிட்டோமே என்று அன்றைக்கு அவனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஒரு முடிவுக்கு வந்தான். நிஜ அங்கி கிழிந்திருந்தாலும் நிஜ அங்கிதான். அதைப் பாய் கடையிலிருந்து வாங்கி வந்து பெட்டியில் பத்திரமாக வைக்க வேண்டும். பிள்ளைக்கு ஞானஸ்நானம் ஆனதும், எது வந்தாலும் வரட்டும் என்று சபை முன்னால் உண்மையைச் சொல்லிவிட வேண்டும்.

திங்கள்கிழமை வேலைக்குப் போகிற வழியில் பாய் கடையில் சைக்கிளை நிறுத்தினான். ஜமீர் பாய் தையல் மெஷினுக்கு எண்ணெய் விட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் கையிலிருந்த துணியைப் பார்த்ததும் தர்மனுக்குப் பகீரென்றது. மரவள்ளிப் பசை இன்னும் அதில் திட்டுத் திட்டாக இருந்தது.

"பாய்! என்ன காரியம் பண்ணிட்டீங்க! அத இப்படிக் குடுங்க!" என்று பிடுங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். "இது எங்க மிஷனரி ஐயர் போட்டிருந்த அங்கி பாய்! அறுவது வருசமா எங்க சபை கண்ணு மாதிரி காப்பாத்துனது!"

பாய் எண்ணெய்க் கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு அவனை நிதானமாகப் பார்த்தார்.

"மிஷனரி ஐயரோட அங்கியா? அத நான் கண்ணால பாத்ததே இல்லீங்க. ராணியம்மாவுலருந்து உபதேசியார் வரைக்கும், உங்க சபையில எங்கிட்ட வந்து அழுது ராவோட ராவா அங்கி தெச்சுக்கிட்டுப் போவாத வூடு, உங்க வூடு ஒண்ணுதான் பாக்கியா இருந்துச்சு."